நேசம் அக்காவும் தரை அணில்களும்

தமிழ்ப் பள்ளியில் மேசைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. "நேசம் அக்கா மோசம் போயிட்டா" என்று சாவுச் செய்தியைச் சொன்னார் பள்ளி அதிபர். அடுத்த வகுப்பு அக்காவுடையது. பிள்ளைகள் வாசலில் காத்து நின்றார்கள்.

அக்காவிடம் படித்த எல்லாருக்கும் ஆப்பிரிக்கத் தரை அணிலைத் தெரியும். மெல்பன் வருமுன் அக்காவும் கணவர் ராஜன் அண்ணனும் பொட்சுவானாவில் ஆசிரியர்கள். பள்ளிக்குப் பின்னாலிருந்த வெட்டைவெளியில் அந்த அணில்கள் வளை தோண்டி, பெண்களும் குட்டிகளுமாகக் கூடி வாழ்ந்தன. ஆண்கள் தனிக்கூட்டமாக ஊர்சுற்றும். வெயில் ஏறினால் வாலை முதுகுக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு மேயும். பாம்பைக் கண்டால் சேர்ந்து நின்று வெருட்டும். வகுப்பில் அக்கா இதையெல்லாம் சொல்லும்போது, தமிழ்ப் பாடம் எப்போது தொடங்கும் என்று நான் கேலி செய்வேன். அவர் சட்டைசெய்ததே இல்லை.

ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொல்வார். சினையான ஒரு அணில் கூட்டத்தை விட்டுத் தனி வளைக்குப் போய்விட்டது. மற்றவை துரத்திவிட்டன என்று நினைத்த அக்கா, அதைக் கூண்டு வைத்துப் பிடித்துப் பழைய வளையடியில் கொண்டுபோய் விட்டார். அன்றே அது தனி வளைக்குத் திரும்பி ஓடியது. ஈனும் காலத்தில் அவை அப்படித்தான் ஒதுங்கும், குட்டி வெளியே வரத் தொடங்கியதும் தாமாகவே கூட்டத்துக்குத் திரும்பும் என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. "உதவி எண்டு நினைச்சு வதைச்சுப்போட்டன்" என்பார்.

மகன் பிறந்தபின், மெல்பனின் ரோவில் பகுதியில் இருந்த வீட்டில் நான் கதவைப் பூட்டிக்கொண்டேன். டாக்டரின் மருந்தோடு நாட்கள் போயின; ஆள் முகம் பார்க்கவே பயமாக இருந்தது. கணவரோடு சண்டையாம் என்று ஊர் பேசியது. என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போக ஒரு கார் நிறைய அன்ரிமார் வந்து மணியடித்தார்கள். குளியலறையில் ஒளிந்திருந்த எனக்கு அக்காவின் குரல் கேட்டது.

"அவளை விடுங்கோ. பிள்ளை எழும்பி நடக்கேக்க அவளும் வருவாள்."

அதன்பிறகு வாரந்தோறும் வாசற்படியில் ஒரு சட்டி பத்தியக்கறி இருக்கும். ஒருநாளும் அவர் மணியடித்ததில்லை. மகன் தத்தி நடக்கத் தொடங்கியதும், கழுவிய சட்டிகளோடு நானே அவர் வீட்டுக்குப் போனேன். இவ்வளவு நாள் எங்கே என்று கேட்காமல் குசினிக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணி போட்டார். அங்கேதான் நான் வாய்விட்டு அழுதேன்.

செத்தவீடு முடிந்ததும் ராஜன் அண்ணன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். ஆளுக்காள் தட்டினார்கள். எனக்கும் கை துருதுருத்தது. ஆனால் அக்காவிடமிருந்து நான் கற்று வைத்துக்கொண்டது ஒன்றுதான். ஒரு சட்டியில் சோறும் பருப்பும் போட்டுக் கதவடியில் வைத்தேன். "அண்ணனை விடுங்கோ" என்று எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் போனபோது, சட்டி கழுவிக் கதவுக்கு வெளியே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.