சுந்தரி அக்காவுக்கு நன்றி

அம்பரீன் ஆசிரியையாகி ஐந்து மாதம். மேல்விஷாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, மாதனூர் பக்கத்துத் தொடக்கப்பள்ளிக்கு வருவாள். வழியெல்லாம் இன்ஸ்டாகிராம். பயிற்சிப் பள்ளி சொல்லித் தராததையெல்லாம் முகம் தெரியாத ஆசிரியர்கள் அதில் சொல்லித் தந்தார்கள்.

ஒருத்தி உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி, பிள்ளைகளை விரலால் தடவ வைத்திருந்தாள். தோல் ஷூ கம்பெனிகள் நிறைந்த இந்த ஊரில் உப்புத்தாள் எதற்கு?

"வீட்டுல துண்டுத் தோல் இருந்தா கொண்டாங்க" என்றாள் வகுப்பில்.

எந்த வீட்டிலும் இல்லை. ஷூ கம்பெனி ஒரு துண்டைக்கூட வெளியே விடாது. ஆனால் கேட்டது டீச்சர். கட்டிங் பிரிவில் பதினோரு வருடமாக நிற்கும் சுந்தரியின் மகள், இரண்டாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டத் திணறுபவள். தரையில் கிடந்த துண்டுகளை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு சுந்தரி கேட்டைத் தாண்டினாள். நான்கு நாள் இப்படி.

தோல் எழுத்தைத் தடவித் தடவி அந்தச் சிறுமி 'பட்டம்' என்று படித்தாள். அம்பரீன் அதை வீடியோவாகப் போட்டாள். உதவியவர்களைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள் என்று ஆன்லைன் பயிற்சியொன்றில் சொல்லியிருந்தார்கள். 'தோல் தந்த சுந்தரி அக்காவுக்கு நன்றி' என்று எழுதி, கம்பெனியின் பெயரையும் சேர்த்தாள். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள்.

மறுவாரம் கம்பெனி பஸ் சுந்தரியை ஏற்றவில்லை.

அம்பரீன் கம்பெனிக்கு ஓடினாள். எச்.ஆர். ஜெயசீலன் நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார்.

"வீடியோ சூப்பர் மேடம். எங்க வீட்லயே ஷேர் பண்ணாங்க."

"கீழ கிடந்த துண்டு சார். குப்பைக்குப் போறதுதான?"

"குப்பையும் கம்பெனிதுதான் மேடம். இன்னிக்கு துண்டு, நாளைக்கு டிபன் பாக்ஸ்ல ஜோடி ஷூ போவும்."

"கேட்டது நான் சார். அவங்க மேல தப்பு இல்ல."

"நீங்க டீச்சர். உங்கள இன்னா சொல்லப் போறோம்? டீ ஆறுது பாருங்க."

திரும்பும் வழியில் பாலாற்றங்கரையில் அதே துண்டுகள் மலையாகக் குவிந்து புகைந்துகொண்டிருந்தன. லாரியில் வந்து ஆற்றில் விழுந்தால் அது கழிவு. தொழிலாளியின் டிபன் பாக்ஸில் இருந்தால் திருட்டு. இந்தக் கணக்கைக் கம்பெனிக்குள் யாரும் இதுவரை தட்டிக் கேட்டதில்லை.

அம்பரீன் வீடியோவை அழித்தாள். அன்றே, வீடியோவைப் பார்த்திருந்த ஓர் ஆன்லைன் ஆசிரியர் குழுவிலிருந்து அழைப்பு வந்தது: 'கழிவிலிருந்து கல்வி' என்ற தலைப்பில் அவள் பேச வேண்டுமாம்.

பத்து நாள் கழித்து மகளைக் கூட்டிப்போக வந்த சுந்தரி, வாசற்படியோடு நின்றாள்.

"டீச்சர், அந்த வீடியோவுல என் பேர எடுத்துடுங்களேன்."

"அன்னிக்கே அழிச்சிட்டேன் அக்கா."

"இல்ல டீச்சர். ஆம்பூர்ல மூணு கம்பெனி ஏறி எறங்கிட்டேன். பேரச் சொன்னதும் போன எடுத்துப் பாக்குறாங்க. எல்லார் போன்லயும் அந்த வீடியோ இன்னும் ஓடுது."