ஐந்தரைக் கட்டை

அந்த ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை பாட்டு நடக்கும். மேடை என்று சொன்னால் மேடைக்கே கோபம் வரும். கை கழுவப் போகிற வழியில் ஒரு சாண் உயரத்துக்குப் பலகை போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். அதில் மூன்று பேர். கீபோர்டு வாசிக்கிறவரை எல்லோரும் பெட்டிக்காரர் என்பார்கள். அவருடைய அக்கா பாடுவார். மின்சார டிரம் பேட் தட்டுகிற கனத்த மனிதருக்குத் தாளம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இருபத்திரண்டு வருடமாக நாற்பது பாட்டு. பெட்டிக்காரர் வாசிக்கும்போது எதையும் நினைப்பதில்லை. விரல் தன்பாட்டுக்குப் போகும். அவர் கை கழுவிவிட்டு வருகிறவர்களின் ஈரக் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று மணிக்குப் பெட்டியை உறையில் போட்டுத் தோளில் மாட்டி, பேருந்தில் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு நின்று, வீட்டு மாடிப்படியில் ஒவ்வொரு படியாகத் தூக்கிப்போக வேண்டும். ஐம்பத்து நான்கு வயதில் அது இசை அல்ல, சுமை. சலித்துக்கொண்டே செய்வதும் ஒரு வேலையைச் செய்யும் முறைதான் என்று அவருக்கு எப்போதோ தோன்றிவிட்டது.

அக்காவுக்குச் சலிப்பு கிடையாது. அக்காவிடம் ஐந்தரைக் கட்டை இருந்தது. பாடுகிறவர்கள் தங்கள் குரலின் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். எண் கூடக் கூட உயரம். இருபது வயதில் ஐந்தரையில் பாடியவர் அறுபதிலும் அதிலேயே பாடுகிறேன் என்று, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மாடிக் கூடத்தில் பாடும் பெண்ணுக்கு அவர் வைத்த பெயர் 'நாலு கட்டை'. கயிறு கட்டி இழுத்தாலும் அதற்கு மேல் வராது என்பார். பெட்டிக்காரரும் சிரிப்பார்.

உண்மையில் அக்காவின் ஐந்தரை போய் மூன்று வருடமாகிறது. ஒரு மாதக் காய்ச்சலுக்குப் பிறகு வந்து பாடிய முதல் நாளே மேல் சுரத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. ஏசித் தூசி என்று சொல்லித் தண்ணீர் குடித்தார். மறுநாள் பெட்டிக்காரர் பெட்டியில் சுருதி மாற்றும் பட்டனை ஒரு தடவை அழுத்தினார். அழுத்தினால் விரல் அதே இடத்தில் ஓடும், ஒலி மட்டும் ஒரு படி கீழே கேட்கும். ஒரு வாரத்துக்குத்தான் என்று நினைத்தார். அடுத்த வருடம் இரண்டு அழுத்து, இந்த வருடம் மூன்று. பாட ஆரம்பிக்கும் முன் அக்கா அவர் விரலைப் பார்ப்பார். அது ஐந்தரைக்குரிய பழைய கறுப்புக் கட்டையில்தான் இருக்கும். எண் காட்டும் சின்னத் திரையின்மேல், வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று சொல்லி, ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தார். வீட்டில் அக்காவின் பாட்டுச் சாதகமும் இதே பெட்டியில்தான். விஷயம் தாளத்துக்கு மட்டும் தெரியும். கேட்டால் சொல்லிவிடுவார், ஆனால் தாளத்திடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

அன்றைக்கு இரண்டாம் பாட்டின் சரணத்தில் மின்சாரம் போனது. மைக், பேட், பெட்டி, ஏசி, எல்லாம் ஒரே மூச்சில் அடங்கின. அக்கா நிறுத்தவில்லை. தாளம் தொடையில் தட்டிக்கொடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் பெட்டிக்காரரும் கேட்டார். அக்கா பாடுவதை அவர் கேட்டுப் பல வருடமாகியிருந்தது. நல்ல குரல் என்று சொல்ல முடியாது. தேய்ந்த குரல், ஓரமெல்லாம் நைந்திருந்தது. ஆனால் நின்ற இடத்தில் நின்றது.

அப்படிக் கேட்டுக்கொண்டிருந்ததில்தான் தவறு நேர்ந்தது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் பெட்டிக்கு உயிர் வந்தது. மின்சாரம் போய் வந்தால் அது எல்லாவற்றையும் மறந்து பூஜ்யத்தில்தான் விழிக்கும். மூன்று வருடமாக மறக்காத அழுத்தை அன்றைக்கு மறந்து, பெட்டிக்காரர் கையை வைத்தார். ஒலி அக்காவின் குரலுக்கு மூன்று படி மேலே போய் விழுந்தது. வாய்க்குப் பாதி தூரம் போன கரண்டிகள் நின்றன.

அக்கா அவர் விரலைப் பார்த்தார். விரல் சரியான இடத்தில் இருந்தது. அப்படியானால் தவறியது யார்? தான்தான் என்று அக்கா முடிவுகட்டினார். கூடத்தைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, பெட்டியின் சுருதிக்கு ஏறிப் பாடப் பார்த்தார். மேல் சுரத்தில் குரல் அறுந்தது. அடுத்த பாட்டுக்கு முன் பெட்டிக்காரர் சத்தமில்லாமல் மூன்று தடவை அழுத்திவிட்டார். அக்கா கண்ணை மூடியபடி மிச்சத்தைப் பாடி முடித்தார்.

இடைவேளையில் மேசைத் துணிகள் அடுக்கியிருக்கும் அறையில், அக்கா சலவை மூட்டையின்மேல் உட்கார்ந்தார்.

"போதும்டா. இந்த மாசத்தோட நிறுத்திக்கறேன். மேனேஜர்கிட்ட நீயே சொல்லிடு."

பெட்டிக்காரர் தூசி, ஏசி என்று ஏதோ ஆரம்பித்தார்.

"தொண்டை போனா வெந்நீர் குடிக்கலாம். காது போனா என்னத்தைக் குடிக்கறது? பெட்டி இல்லாம பத்து செகண்டு என்னால சுருதில நிக்க முடியல. இறங்கிட்டேன். இறங்கினதுகூடத் தெரியல."

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருந்தால் பொய் தானாகவே முடிந்துபோகும். யாருக்கும் எதுவும் தெரியாது. அதோடு அடுத்த மாதத்திலிருந்து அந்தப் பெட்டியைத் தூக்கவும் வேண்டாம். இந்த எண்ணம் வந்தபோது தோள் உண்மையிலேயே ஒரு கணம் லேசானது. அது அவருக்கு அவமானமாக இருந்தது. அக்காவிடமிருந்து போனது உயரம், போகாதது சுருதிசுத்தம். போகாததைப் போய்விட்டது என்று நம்பித்தான் அவர் எழுந்து போகப்போகிறார். அதைக் காப்பாற்ற வேண்டுமானால் ஐந்தரையை இவரே பறிக்க வேண்டும்.

"நீ இறங்கலக்கா. பெட்டிதான் ஏறிடுச்சு" என்றார்.

பிறகு பட்டனைப் பற்றிச் சொன்னார். டேப்பைப் பற்றியும் சொன்னார். அக்கா ஒரு துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"இப்ப எதுல பாடறேன்?"

"நாலுல."

தாளம் தேநீரோடு வாசலுக்கு வந்து, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பினார்.

"அவனுக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"மாடிக்காரியை நான் நாலு கட்டைன்னு சொல்றப்பல்லாம் நீயும் கூடச் சிரிச்சியேடா."

"சிரிக்கலன்னா நீ கண்டுபிடிச்சிருப்பே."

வெளியே யாரோ தட்டுகளை அடுக்கினார்கள். அக்கா மடித்த துணியை அடுக்கின்மேல் வைத்தார். பிறகு, "அந்தப் பத்து செகண்டு? நாலுல நின்னேனா?" என்று கேட்டார்.

"ஆணி அடிச்ச மாதிரி."

அக்கா அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தார். இதுவும் அந்தப் பொய்யில் சேர்ந்ததா என்று தேடுவதுபோல் இருந்தது. பெட்டிக்காரர் பார்வையை விலக்கவில்லை. இனி தான் சொல்லும் எதையும் அக்கா இப்படித்தான் சோதித்து வாங்கிக்கொள்வார் என்பது அவருக்குப் புரிந்தது.

இரண்டாம் பாதிக்கு மணியானதும் அக்கா முதலில் எழுந்தார்.

"டேப்பைப் பிய்ச்சிப் போடு. பட்டனைத் தொடாதே. நாலுலயே கை வெச்சு வாசி."

நாற்பது பாட்டும் விரலில் ஐந்தரையாகவே ஊறிக் கிடக்கின்றன, நாலில் வாசித்தால் ஒவ்வொரு விரலும் இடம் மாற வேண்டும், ஒரு மாதமாவது பழக வேண்டும் என்றெல்லாம் பெட்டிக்காரர் சொல்லிப் பார்த்தார்.

"எனக்குத் தொண்டை மாறிச்சு இல்ல? உனக்கு விரல் மாறட்டும்."

பெட்டியை அணைத்துப் போட்டதும், டேப் போன இடத்தில் பூஜ்யம் பச்சையாக எரிந்தது. பெட்டிக்காரர் வெள்ளைக் கட்டையில் விரல் வைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கீழே குனிந்து கையைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். பாட்டுக்கு நடுவே வரும் இசையில் சுண்டுவிரல் பழைய கறுப்புக்கே ஓடியது. ஒரு தப்பு, அதைத் திருத்தப் போய் இன்னொன்று. சட்டைக்குள் வியர்த்தது. மேற்பார்வையாளர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். தாளம் ஒன்றும் தெரியாதவர்போல் கூரையைப் பார்த்துக்கொண்டு தட்டினார். அக்கா திரும்பவே இல்லை. தம்பி தடுமாறிய இடத்தில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு, அவர் வந்து சேரும்வரை நின்றார். வந்து சேர்ந்ததும் மேலே போனார்.

பாட்டு முடிந்தது. இரண்டு மேசைகளில் மட்டும் கை தட்டினார்கள். அக்கா மைக்கை மூடிக்கொண்டு அடுத்த பாட்டின் முதல் அடியைச் சொன்னார். பெட்டிக்காரர் குனிந்து, அது எந்தக் கட்டையில் தொடங்க வேண்டும் என்று தேடினார்.