இடி கேட்டால் உள்ளே போ

1. கடல் இல்லாத ஊரில் புயல் பாடம்

சத்துணவுக் கூடத்தின் தகரக் கூரை காற்றில் பிய்ந்து போனதற்குப் பிறகுதான் நான் பிள்ளைகளுக்குப் புயல் மழையைப் பற்றி ஒழுங்காகப் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். ராயப்பன்பட்டிப் பக்கம், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் தொடக்கப் பள்ளி அது. இரண்டே டீச்சர்கள், எச்.எம். வேலையும் என் தலையில்தான். அன்று மத்தியானம் வரை வெயில் கொளுத்தியது. பிறகு மேகமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கும்போது காற்று அடித்தது. தகரம் ஒன்று கழன்று மைதானத்தைத் தாண்டி வாழைத் தோப்பில் போய் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் பயந்துபோன பிள்ளைகளில் பாதிப் பேர் வகுப்பறைக்கு ஓடிவரவில்லை. வேப்பமரத்தடிக்கு ஓடி, மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மேலே மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது.

புத்தகத்தில் பேரிடர் பற்றிப் பாடம் இருக்கத்தான் செய்தது. கடல் கொந்தளிப்பு, மீனவர்கள், துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு என்று போகும். அதை வாசித்தபோது மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், கடல் நம்ம ஊருக்கு வர எம்புட்டு நேரமாகும் என்று கேட்டான். மலையைத் தவிர வேறெதையும் பார்க்காத பிள்ளைகள். அதோடு அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, நம் ஊரில் எது வருமோ அதைச் சொல்லிக் கொடுத்தேன். வாழையைப் படுக்க வைக்கும் காற்று. ஓடையில் திடீரென்று இறங்கும் மலைத் தண்ணீர். எல்லாவற்றுக்கும் மேலே, இடி மின்னல்.

எங்கள் பிள்ளைகளின் அம்மாக்களில் முக்கால்வாசிப் பேர் திராட்சைப் பந்தலில் வேலை செய்கிறவர்கள். பந்தல் என்பது கல்தூண் நட்டு, தலைக்கு மேலே தோட்டம் முழுக்க இழுத்துக் கட்டிய கம்பி. அதன் அடியில் நின்று, கையைத் தூக்கி, கொடியை வெட்டிக் கவாத்து செய்வதும் குலை வெட்டுவதும் அவர்கள் வேலை. சனி ஞாயிறில் பிள்ளைகளும் கூடப் போவார்கள். அதனால் மரத்தடி ஆகாது என்று சொன்னதோடு நான் நிறுத்தவில்லை. கம்பிக்குக் கீழேயும் நிற்கக் கூடாது என்று சொன்னேன். ஸ்கேலால் மேஜையைத் தட்டுவேன். அதுதான் இடி. மைதானத்தில் எங்கே நின்றாலும் எல்லோரும் உள்ளே ஓடிவர வேண்டும். கட்டடம் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால், இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்துக் குத்தவைத்து உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டு, தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். இதை வாரம் ஒருமுறை செய்து பார்ப்போம். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு மாதிரி. வட்டாரக் கல்வி அலுவலர், பி.இ.ஓ., விசிட் வந்தபோது பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்.

2. ஆரோக்கியம் வந்து கேட்டது

நாலாம் வகுப்பில் ஜான்சி என்று ஒரு பிள்ளை. அப்பா கேரளத்தில் ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை. பண்டிகைக்குத்தான் வருவார். அம்மா ஆரோக்கியம் பந்தல் வேலைக்குப் போய்ப் பிள்ளையை வளர்த்தாள். ஜான்சி வகுப்பில் அதிகம் பேச மாட்டாள். ஆனால் நான் சொன்னது எதுவானாலும் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள்.

ஒருநாள் பள்ளி விடுகிற நேரத்துக்கு ஆரோக்கியம் வந்தாள். கையில் திராட்சை இலைக் கறை. சண்டைக்கு வரவில்லை, சந்தேகம் கேட்க வந்திருந்தாள். மேகம் கறுத்தாலே மகள் பிடுங்கி எடுக்கிறாளாம்.

"கம்பிக்கு அடியில நிக்காதன்னு சொல்றா. நெசந்தானா டீச்சர்?"

நிஜம்தான் என்றேன்.

"வெளிய வந்துட்டா எங்கன போறது? அங்கன பூராவும் பந்தலும் தென்னையுமாத்தானே இருக்கு."

அவள் வேலை பார்த்த தோட்டத்தில் காங்கிரீட் போட்ட மோட்டார் ரூம் ஒன்று உண்டு. மறுநாளே தோட்டத்து முதலாளியைப் போய்ப் பார்த்தேன். மரியாதையான மனிதர். பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்ட செங்கல் கொடுத்தவர். மழை வந்தால் வேலையாட்கள் ஒதுங்க மோட்டார் ரூமைத் திறந்து வைக்க முடியுமா என்று கேட்டேன். அதற்கென்ன, சாவியை மேஸ்திரியிடம் கொடுத்து வைக்கிறேன் என்றார். சொன்னபடி கொடுத்தார். நானே போய்க் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு வந்தேன். ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடாமல் தள்ளி நிற்க வேண்டும் என்று அங்கே இருந்த பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அந்தக் கோடையில் இரண்டு மூன்று முறை அவர்கள் அதற்குள் ஒதுங்கியதாக ஜான்சி சொன்னாள். இத்தனை வருட வேலையில் நான் உருப்படியாக ஒன்று செய்துவிட்டதாக நினைத்தேன்.

பிறகு சுற்று வட்டாரத்தில் மோட்டார் காப்பர் ஒயரை அறுத்துக்கொண்டு போகிற திருட்டு ஆரம்பித்தது. முதலாளி சாவியை வாங்கிப் புதுப் பூட்டுப் போட்டுவிட்டார். இது எனக்குத் தெரியாது. ஆரோக்கியத்துக்கும் தெரியாது.

3. ஐப்பசி மழை

அன்று ஜான்சி வகுப்பில்தான் இருந்தாள். மத்தியானத்துக்கு மேல் வானம் இருட்டி, முதல் இடி கேட்டது. நான் ஸ்கேலை எடுக்கவே இல்லை. மைதானத்தில் இருந்த பிள்ளைகள் தாங்களாகவே ஓடிவந்து, ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெரிய பிள்ளைகள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். நான் சொல்லிக் கொடுத்ததில் ஒன்று குறையவில்லை.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணச் சொல்லியிருந்தேன். பிள்ளைகள் சத்தமாக எண்ணினார்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் எண்ண இடமே இல்லாமல் வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து வந்தன. ஒரு பிள்ளை அழுதது. பக்கத்தில்தான் எங்கேயோ விழுந்திருக்கிறது என்று ஜான்சி சொன்னாள்.

மழை விடும்போது மேஸ்திரி சைக்கிளில் வந்தார். என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்.

அன்று நடந்ததைப் பிறகு கூட வேலை பார்த்த பாண்டியம்மா சொல்லித்தான் முழுதாகத் தெரிந்தது. இடி கேட்டதும் ஆரோக்கியம் மற்ற பெண்களைக் கூட்டிக்கொண்டு மோட்டார் ரூமுக்கு ஓடியிருக்கிறாள். கதவில் புதுப் பூட்டு. மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள், அவர் கையிலும் சாவி இல்லை. மழை அறைந்தது. மற்றவர்கள் திரும்பிப் பந்தலுக்கே ஓடினார்கள். அவள் போகவில்லை.

"வாடி ஆத்தான்னு கூப்பிட்டேன் டீச்சர். பிள்ளை சொல்லியிருக்குக்கா, நான் வரலைன்னு சொல்லிட்டா. அங்கனயே காலைச் சேத்து வச்சுக் குத்தவச்சு, காதைப் பொத்திக்கிட்டா."

மின்னல் வரப்பில் நின்ற தென்னையில் இறங்கியது. அவள் அதற்குப் பக்கத்தில் இருந்தாள். பந்தலுக்குள் நின்ற யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

4. அதற்குப் பிறகு

ஆரோக்கியத்துக்கு மாதா கோயில் கல்லறையில் அடக்கம். ஊரே வந்திருந்தது. முதலாளியும் வந்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கடைசி வரை நின்றார். யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் மேஸ்திரி பக்கத்து ஆளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"பந்தலுக்குள்ள நின்னவுக பூராம் பொழச்சாக. பள்ளிக்கூடத்துப் பேச்சக் கேட்டவதான் போயிட்டா."

மின்னலைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அந்த இடத்தில் நின்று விளக்கியிருக்கலாம். அன்று கம்பியில் விழாதது வெறும் அதிர்ஷ்டம் என்றும், கதவு திறந்திருந்தால் அவளும் பிழைத்திருப்பாள் என்றும் சொல்லியிருக்கலாம். அத்தனையும் உண்மை. கல்லறைப் பக்கத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜான்சி என்னிடம் வந்தாள். அழுது முடித்திருந்தாள்.

"நான் சொல்லாம இருந்திருந்தா அம்மா பந்தலுக்குள்ள போயிருக்கும்ல டீச்சர்?"

"நீ சொன்னது சரிதான்டா. கதவு பூட்டியிருந்துச்சு," என்றேன்.

அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. எனக்கும் போதவில்லை. அதைவிட நல்ல பதில் இன்று வரை எனக்குக் கிடைக்கவில்லை. அந்த மாதமே அப்பா அவளை எஸ்டேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வேலையாட்கள் ஒதுங்கத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சின்னக் கட்டடம் வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழு, அதாவது எஸ்.எம்.சி. கூட்டத்தில் பேசினேன். ஆபீஸ்களுக்கு நடந்தேன். கடைசியில், இடி மின்னலின்போது பாதுகாப்பான கட்டடத்துக்குள் செல்லவும் என்று எழுதிய ஒரு போர்டு வந்தது. பள்ளிக்கு எதிரே, தோட்டத்து முனையில் நட்டார்கள். இரும்பு போர்டு.

அதற்குப் பிறகும் அந்தப் பாடத்தை எடுத்தேன். ஸ்கேலைத் தட்டினால் பிள்ளைகள் வந்தார்கள். வீட்டில் போய்ச் சொன்னீர்களா என்று கேட்டால் மட்டும் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். சொல்லக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

ரிட்டயர் ஆன பிறகு ஒருநாள், எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றும் கம்பம் ஜீப் ஸ்டாண்டில் ஜான்சியைப் பார்த்தேன். நன்றாக வளர்ந்துவிட்டாள். ஸ்தோத்திரம் டீச்சர் என்று அவளே வந்து கும்பிட்டாள். படிப்பை நிறுத்திவிட்டு ஏலக்காய் பறிக்கப் போவதாகச் சொன்னாள். பேசிக்கொண்டிருக்கும்போதே இடி இடித்தது. ஸ்டாண்டில் நின்ற கூட்டம் கடைகளுக்குள் ஓடியது. நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை.

"எங்கன நின்னாலும் ஒண்ணுதான் டீச்சர்," என்றாள்.

கோபத்தில் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஜீப் வந்து அவள் ஏறிப் போகும் வரை நானும் அந்த மழையில் அவளோடு நின்றேன்.

இப்போது வேலைக்கு வரும் டீச்சர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். உள்ளே போ என்று பிள்ளைக்குச் சொல்கிறோம். அந்த உள்ளே எங்கே இருக்கிறது, யார் கையில் அதன் சாவி இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நான் ஒருமுறை தள்ளிப் பார்த்தேன். திறந்தது. மழைக்காலம் முழுக்கத் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய கதவு அது.