அடித்தவன் கொண்டுபோகும் ஆர்லிக்ஸ்

பண்ருட்டிப் பக்கம் 'தானே' புயலில் சாய்ந்த பலாமரங்களை இன்னமும் துண்டு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆட்களில் ஒருவன் இடது கையால் கோடாலி வீசுவான். வலது கையில் மூன்று விரல் மடங்காது. பெயர் கொளஞ்சி. குடித்துவிட்டுப் பாட்டில் சண்டை போட்டுக் கையைக் கெடுத்துக்கொண்டான், தேடி வந்த வேலையையும் தொலைத்தான் என்று ஊரில் பேசுகிறார்கள். பேசுகிற வாயில் மண் விழ. கொளஞ்சி ஒரு சொட்டுக் குடித்து நான் பார்த்ததில்லை. ஹாக்கி மைதானத்தில் அவன் ஃபுல் பேக், அவனுக்குப் பின்னால் கோல் காத்துக்கொண்டு ஏழு வருஷம் நின்றவன் அன்பரசு என்கிற நான். மற்றவர்களுக்கு அவன் முகம் தெரியும், எனக்கு அவன் முதுகு அத்துப்படி. எந்தத் தோள் இறங்குகிறது என்று பார்த்தே எதிராளிக்கு எந்தக் கால் போகப்போகிறது என்று சொல்லிவிடுவேன்.

2004இல் இரண்டு பேரும் கடலூரில் ஒரு கம்பெனி அணியில் சேர்ந்தோம். கம்பெனி பெயர் எதற்கு, விடுங்கள். காலையில் ஆலைக்குள் மூட்டை தூக்க வேண்டும், சாயங்காலம் ஸ்டிக்கைத் தூக்க வேண்டும். எல்லாம் காண்ட்ராக்ட். கப்பு வாங்கிக் கொடுத்தால் வேலை நிரந்தரம் என்பது அணிச் செயலாளர் சிங்காரத்தின் வாய்வார்த்தை. கொளஞ்சி வீட்டில் அதுவரை மாதச் சம்பளம் என்று ஒருவரும் வாங்கியதில்லை. முந்திரிக்கொட்டை உடைத்துக் கை வெந்த குடும்பம். அந்த நிரந்தரம் ஒன்றுதான் அவனுக்குக் கண்ணில் தெரிந்தது. அதற்காக என்ன சொன்னாலும் செய்தான்.

சிங்காரம் சொன்னது ஒன்றே ஒன்று. "அந்தப் பக்கம் எவன் நல்லா ஆடறானோ, அவன் ஆடக் கூடாது."

நம் ஊர் மைதானம் டிவியில் காட்டுகிற பச்சைக் கம்பளம் இல்லை. சரளைக்கல். பந்து எகிறும், ஸ்டிக் வழுக்கும், அடி எங்கே விழுந்தாலும் கல்மேல் பழி போடலாம். கொளஞ்சி அதைக் கரைத்துக் குடித்திருந்தான். பந்தை அடிக்கிற மாதிரிதான் வீசுவான். பந்து போன பிறகும் ஸ்டிக் நிற்காது. கால் கவசம் முடிகிற இடத்துக்குக் கீழே, கணுக்காலில் இறங்கும். விழுப்புரத்துக்காரன் ஒருவனுக்கு முன்பல் போனது. புதுச்சேரி ஆள் ஒருவன் தோள் எலும்பு உடைந்து, தன் கையைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தான். இவனும் வாங்காமல் இல்லை. புருவம் இரண்டு முறை கிழிந்தது, கால் விரல் நகம் ஒன்றுகூட ஒழுங்காக இல்லை. விருத்தாசலத்தில் ஜெயித்த அன்று கூட்டம் சவுக்குக் கம்போடு எங்கள் வேனைச் சூழ்ந்துகொண்டது. டிரைவர் மண்டை பிளந்து ஸ்டியரிங்கெல்லாம் ரத்தம். கொளஞ்சி கதவைத் திறந்து இறங்கி, முதலில் வந்தவன் கம்பைப் பிடுங்கி, அவனையே அடித்து வழி எடுத்தான். அன்றைக்கு அவன் இல்லை என்றால் நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

இவ்வளவு அடித்தாலும் அவனிடம் ஒரு கிறுக்கு வழக்கம் இருந்தது. நேற்று அடித்தவனை இன்று ஆஸ்பத்திரியில் போய்ப் பார்ப்பான். சும்மா இல்லை, ஆர்லிக்ஸோடு. பாக்கெட் வாங்க மாட்டான், கண்ணாடி பாட்டில்தான். சாத்துக்குடி நாலு. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று சொந்தக்காரன் மாதிரி விசாரிப்பான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும். ஆச்சரியம் என்னவென்றால், படுத்திருப்பவன் திட்ட மாட்டான். மைதானத்தில் நடந்தது மைதானத்தோடு போச்சு என்பது ஆடுகிறவர்களுக்குள் இருந்த பேச்சு. பாட்டிலை வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொள்வார்கள்.

2007இல் சிதம்பரத்துக்காரன் இளவரசுவின் முறை வந்தது. ஃபார்வர்ட். ஓடினால் பந்து அவன் ஸ்டிக்கை விட்டு ஒரு சாண் தள்ளிப் போகாது. அவனுடைய வலது முட்டியைக் கொளஞ்சி போட்டான். காய்ந்த முருங்கைக் கிளை முறிகிற சத்தம் கோல் கம்பம் வரைக்கும் கேட்டது. இளவரசு கத்தவில்லை, சரளையை வாயால் கடித்தான். அதற்குப் பிறகு அவன் ஸ்டிக்கைத் தொடவில்லை. நொண்டி நொண்டி ஒரு ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போனான்.

மறுநாள் ஆர்லிக்ஸோடு போனால், கட்டிலருகே அவன் அம்மா தில்லையம்மாள். மாணவர் விடுதி ஒன்றில் சமையல்காரம்மா. பெரிய கை, பெரிய குரல். "நீ யாருப்பா?" என்று கேட்டாள். கொளஞ்சி வாயைத் திறப்பதற்குள் இளவரசு, "கூட வெளையாடற பையன்ம்மா" என்றான். அவள் வெளியே போன பிறகு சொன்னான். "அடிச்சது நீன்னு தெரிஞ்சா அம்மா எந்தம்பிய வெளையாட உட மாட்டாங்க. கம்முனு இரு." தம்பி செம்பியன் அப்போது பள்ளிக்கூட அணியில் ஆடிக்கொண்டிருந்தான்.

அந்தப் பொய் அப்படியே ஒட்டிக்கொண்டது. சிதம்பரம் பக்கம் போனால் கொளஞ்சி அந்த வீட்டில் சாப்பிடாமல் வரமாட்டான். கெளுத்தி மீன் குழம்பு, மேலே ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி. "இன்னாடா கோழி மாரி கொத்தற, நல்லா அள்ளித் தின்னு" என்று அவள் முதுகில் ஒன்று வைப்பாள். நானும் இரண்டு முறை போயிருக்கிறேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. எதிரில் அந்த மகன் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான், இவன் எப்படித்தான் தின்றானோ.

2011 தை மாசம் இறுதி ஆட்டம், சிதம்பரத்திலேயே. எதிரணி ஃபார்வர்ட் செம்பியன். அண்ணனைவிட வேகம். சிங்காரம் எங்களை வேனுக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினான்.

"இந்தக் கப்பு வந்தா கொளஞ்சிக்கு நிரந்தரம். எம்டிகிட்ட பேசிட்டன். அடுத்த வாரமே மெடிக்கல் டெஸ்ட்டு. அந்தச் சின்னப் பையன் மட்டும் ஓடக் கூடாது. அண்ணனுக்குப் போட்டியே, அதே மாரி."

இறங்கினால் வேலி ஓரம் குடையோடு தில்லையம்மாள். சொந்த ஊர் ஆட்டம், மகனைப் பார்க்க வந்திருந்தாள். கொளஞ்சியைப் பார்த்ததும் கையை ஆட்டினாள். "ரெண்டு பேரும் நல்லா வெளையாடுங்கடா. முடிச்சிட்டு வூட்டுக்கு வா, கொழம்பு வச்சிருக்கன்."

முதல் பாதி முழுக்கக் கொளஞ்சியின் தோள் இறங்கவே இல்லை. செம்பியன் அவனை இரண்டு முறை தாண்டினான். இரண்டாவது முறை பந்து என் கால் இடுக்கில் புகுந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "டேய், நீ ஆட வந்தியா, விருந்துக்கு வந்தியா?" என்று கத்தினேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

இடைவேளையில் சிங்காரம் கத்தவில்லை. தண்ணீர் பாட்டிலை அவன் கையில் கொடுத்து, மெதுவாகத்தான் சொன்னான். "ஏழு வருசமா ஒன்ன எதுக்குடா வச்சிருக்கோம்? அழகா பாஸ் போடவா? மூட்ட தூக்க ஆளு ஆயிரம் பேரு இருக்கான்."

இரண்டாம் பாதியில் செம்பியன் மறுபடி வந்தான். தோள் இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் மட்டும் கேட்டது. திறந்து பார்த்தபோது பையன் தரையில் உருண்டுகொண்டிருந்தான், கணுக்காலுக்குக் கீழே பாதம் வேறு பக்கம் பார்த்துக் கிடந்தது. வெள்ளையாக எலும்பு முனை ஒன்று காலுறையைக் கிழித்து வெளியே வந்திருந்தது. அம்பயர் மஞ்சள் அட்டை காட்டினார், அவ்வளவுதான். செம்பியன் இல்லாத அணி பிறகு என்ன ஆடும்? இரண்டு கோல் போட்டுக் கப்பைத் தூக்கினோம். சிங்காரம் கொளஞ்சி கழுத்தில் மாலை போட்டான். வேலி ஓரம் குடை மட்டும் விரிந்தபடி கிடந்தது.

மறுநாள் காலை அவன் ஆர்லிக்ஸ் வாங்கிக்கொண்டு கிளம்பினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எவனாவது போவானாடா? அந்தம்மா கண்ணால பாத்துச்சிடா. போனா செருப்படிதான்."

"போவாம இருந்தா நா வெறும் அடியாளுதான்டா, அன்பு" என்றான்.

தனியாக அனுப்ப மனசு வரவில்லை, கூடப் போனேன்.

செம்பியன் ஆபரேஷன் முடிந்து ஒரு தனி அறையில் மயக்கத்தில் இருந்தான். கால்மாட்டில் இளவரசு, தலைமாட்டில் தில்லையம்மாள். கொளஞ்சி பாட்டிலை ஸ்டூல்மேல் வைத்துவிட்டு, எப்போதும் கேட்பதைக் கேட்டான். "டாக்டர் இன்னா சொன்னாரும்மா?"

அவள் பாட்டிலையே பார்த்தாள். இதே மாதிரி பாட்டில், இதே மாதிரி கட்டில், நாலு வருஷத்துக்கு முன்னால் பார்த்தது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"பெரியவன் முட்டியும் நீதானா?"

இளவரசு, "அம்மா" என்றான்.

"ஒன்ன கேக்கல. நீ சொல்லுடா."

"ஆமாம்மா" என்றான் கொளஞ்சி.

"எஞ்சோத்தத் தின்னுட்டு" என்றாள். பாட்டில் அவள் கையில் ஏறியதை நான் பார்க்கவில்லை. அவன் தலைக்கு வீசினாள். பழக்க தோஷம், அவன் வலது கை தானாக மேலே போனது. பாட்டில் முதலில் கட்டில் கம்பியில் பட்டு உடைந்து, மீதி அவன் உள்ளங்கையில் இறங்கியது. அவள் விடவில்லை. உடைந்த கழுத்தைப் பிடித்து மறுபடி, மறுபடி. ஆர்லிக்ஸ் மாவும் ரத்தமும் குழைந்து தரையெல்லாம் பிசுபிசு என்று ஆனது. மைதானத்தில் மூன்று பேரைத் தள்ளிவிடுகிற உடம்பு அவனுக்கு. ஒரு அடி பின்னால் வைக்கவில்லை. நானும் இளவரசுவும் சேர்ந்துதான் அவளைப் பிடித்து இழுத்தோம்.

நரம்பு மூன்று அறுந்திருந்தது. தையல் போட்டு அங்கேயே ஒரு வார்டில் படுக்க வைத்தார்கள். மத்தியானம் சிங்காரம் வந்தான்.

"வியாழக்கெழம மெடிக்கல்டா. டாக்டரு கையிலேர்ந்து கண்ணாடி எடுத்தன்னு எழுதியிருக்காரு. மேல இருக்கறவங்க பாட்டில் சண்டன்னுதான் நெனைப்பாங்க. எவன் குத்துனான்னு சொல்லு, போலீஸ்ல எழுதிக் குடுப்போம். கேஸ் இருந்தா கை ஆறுற வரைக்கும் எடத்த நிறுத்தி வைப்பாங்க. இல்லன்னா இன்னிக்கே பேர எடுத்துடுவாங்க."

"கிரவுண்டுல வுழுந்தன். கண்ணாடி கெடந்துது."

"கப்பு வாங்கும்போது கை நல்லாத்தானடா இருந்துது?"

எனக்குப் பொறுக்கவில்லை. "நா சொல்றன்" என்று வாயெடுத்தேன். கொளஞ்சி இடது கையால் என் சட்டையைப் பிடித்து முகத்துக்கு நேரே இழுத்தான். ஏழு வருஷத்தில் அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"கிரவுண்டுல நடந்துது, அன்பு. கிரவுண்டோட போச்சு."

சிங்காரம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனான். சாயங்காலத்துக்குள் நிரந்தரம் இன்னொருத்தனுக்குப் போய்விட்டது. பாட்டில் சண்டை என்ற பேர் இவனுக்கு வந்து சேர்ந்தது. நான் சுவர் பக்கம் திரும்பி அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் தில்லையம்மாள் வந்தாள். போலீஸ் ஏன் வரவில்லை என்று இளவரசு விசாரித்துச் சொல்லியிருக்கிறான். புடவையில் மாவுக்கறை அப்படியே இருந்தது. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்கவில்லை. டிபன் கேரியரைத் திறந்து, தட்டில் சோற்றைக் கொட்டி, குழம்பு ஊற்றி, கொளஞ்சியின் மடியில் வைத்தாள். அவன் தன் வலது கையைப் பார்த்தான். முழங்கை வரைக்கும் கட்டு.

நான் ஊட்டிவிடலாம் என்று எழுந்தேன். அவள் கையை நீட்டி என்னைத் தடுத்தாள்.

"எடது கையால தின்னட்டும்" என்றாள். "பழகிக்கட்டும். எம்புள்ளங்க நொண்டிப் பழகல?"

அவன் இடது கையைத் தட்டில் வைத்தான். முதல் கவளம் பாதி போர்வையில் சிந்தியது. கடைசிப் பருக்கை வரைக்கும் அவன் தின்று முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, அவள் கேரியரைக் கழுவி எடுத்துக்கொண்டு மகனிருந்த அறைக்குப் போனாள்.