கட்டிலைக் காலி செய்ய மாட்டேன்

எனக்குக் கர்ப்பப்பை இறங்கியிருந்தது. இதை எழுதும்போது என் கை கூசும் என்று யாராவது எதிர்பார்த்தால், மன்னிக்க வேண்டும், கூசவில்லை. பதினோரு வருஷம் கூசியாயிற்று, அது போதும்.

முதலில் தெரிந்தபோது பால்வாடியில் டீச்சராக இருந்தேன். சத்துமாவு மூட்டையை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு இழுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அடிவயிற்றில் ஏதோ நழுவியது. கழிப்பறைக்குப் போய்த் தொட்டுப் பார்த்தால் கோழிமுட்டை அளவில் ஒன்று கையில் பட்டது. புற்றுநோய் என்றே நினைத்தேன். வீட்டுக்காரர் அப்போது உயிரோடு இருந்தார், அவரிடம்கூடச் சொல்லவில்லை. அவருடைய பழைய வேட்டியைக் கிழித்துக் கோவணம்போலக் கட்டிக்கொண்டு மறுநாளும் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன்.

அவர் போனார். நான் ஓய்வுபெற்றேன். அது மட்டும் வளர்ந்தது. உட்கார்ந்தால் உறுத்தும், நின்றால் கனக்கும், இருமினால் புடவை நனையும். பஸ் ஏறுவதை விட்டேன். காரைக்கால் கடைத்தெருவுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கேட்டவர்களிடம் முட்டிவலி என்றேன். முட்டிவலி மரியாதையான வியாதி.

கடைசியில் ஒருநாள் மீன்காரம்மாவிடம்தான் சொன்னேன். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து இருபது வருஷமாக எங்கள் வாசலுக்கு வருகிறவள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். அன்று சங்கரா மீனை ஆய்ந்துகொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் டீச்சர் காலை அகட்டிக்கிட்டே நிக்கிறீங்க? நானும் ரொம்ப நாளாப் பாக்கறேன்."

சொல்லிவிட்டேன். அவள் கை நிற்கவில்லை. "அவ்வளவுதானே? அடி எறங்கியிருக்கு. எங்க சித்திக்கும் எறங்குச்சு. ஆப்பரேசன் பண்ணினா சரியாப் போயிடும். இதுக்கா இத்தனை வருசம் முழுங்கிக்கிட்டுக் கெடந்தீங்க?"

அவ்வளவுதானே என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

மகன் திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் மேனேஜர். இரவுச் சாப்பாட்டின்போது அவனிடம் சொன்னேன்.

"அறுபத்தெட்டு வயசாவுதும்மா. சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு. இந்த வயசுல போயி கத்தி வைக்கணுமா? ஏதாச்சும் மாத்திரை கேட்டு வாங்கிட்டு வர்றேன்."

"மாத்திரையில மேல ஏறாதுப்பா."

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதெல்லாம் ஏம்மா என்கிட்ட சொல்ற?"

"வேற யார்கிட்ட சொல்றது? உன்னைச் சுமந்த பைதான் எறங்கியிருக்கு."

எழுந்து கை கழுவப் போய்விட்டான். நான் மீன்காரம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. இருந்த ஆட்கள் குறைவு, வந்த கூட்டம் அதிகம். முதலில் ஒரு ரப்பர் வளையத்தை உள்ளே வைத்து அனுப்பினார்கள். நாலு மாதத்தில் அது உரசிப் புண்ணாயிற்று. கும்பகோணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷனுக்குக் கேட்டுப் பார்த்தோம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் என் காப்பீட்டு அட்டையைத் திருப்பித் தந்தாள். "இது பாண்டிச்சேரி கார்டும்மா. தமிழ்நாட்டுக் கார்டு இருந்தாத்தான் இங்க செல்லும்."

எங்கள் ஊரில் எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் அரைமணி நேரத்தில் தமிழ்நாடு வந்துவிடும். வயலும் அதே வயல், வாய்க்காலும் அதே வாய்க்கால். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று அந்த ஜன்னலடியில்தான் எனக்குத் தெரிந்தது.

திரும்பவும் பழைய ஆஸ்பத்திரிக்கே வந்தோம். புண் ஆறியதும் தேதி தந்தார்கள். முதல் தேதியில் சுகர் ஏறியிருந்தது. தப்பு என்னுடையது, ஏற்றுக்கொண்டேன். இரண்டாவது தேதியில் மயக்க மருந்து டாக்டர் வரவில்லை. மூன்றாவது முறை பட்டினியோடு படுத்திருந்தபோது, வயிற்றில் பிள்ளை மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணை அவசரமாக உள்ளே கொண்டுபோனார்கள். பிரசவ வலிக்காரிக்கு வழிவிடத் தெரியாதவள் இல்லை நான். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான்காவது தேதி ஒரு சனிக்கிழமை. பத்து மணிக்கு நர்ஸ் வந்தார்.

"பாட்டி, இன்னைக்கு லிஸ்ட் நெறைஞ்சுடுச்சு. உங்களுக்கு அவசரம் இல்லையே, அடுத்த வாரம் வாங்க. கட்டிலைக் காலி பண்ணிக் குடுங்க, வேற பேஷண்ட் வர்றாங்க."

மீன்காரம்மா பையைக்கூட எடுத்துவிட்டாள். நான் கட்டிலின் இரும்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"காலி பண்ண மாட்டேங்க."

"என்ன பாட்டி, இப்படிப் பண்றீங்க? புரிஞ்சுக்குங்க."

"பாட்டின்னு கூப்பிடாதீங்க, சீட்டுல பேரு இருக்கு. அவசரம் உங்களுக்கு இல்லை. எனக்குப் பதினோரு வருஷமா அவசரம்."

வார்டே திரும்பிப் பார்த்தது. வயதான பொம்பளைக்கு இவ்வளவு வாயா என்று எதிர்க்கட்டிலுக்குத் துணைக்கு வந்திருந்த ஓர் ஆள் சொன்னது காதில் விழுந்தது. நான் பிடியை விடவில்லை.

கடைசியில் டாக்டரே வந்தார். எனக்கு மகள் வயதிருக்கும், கண்ணில் தூக்கம் இல்லை. "உங்க பையன் எங்கம்மா? அவர் கையெழுத்துப் போடாம எப்படி?"

"சனிக்கிழமை திருநள்ளாத்துல கூட்டம், லாட்ஜுல லீவு குடுக்க மாட்டாங்க. நான் இருக்கேன்ல? முப்பது வருஷமா பால்வாடி ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டவ நான். என் கையெழுத்து என் உடம்புக்குச் செல்லாதா?"

"உள்ள ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா நாங்க யார்கிட்டம்மா சொல்றது?"

"என்கிட்ட இப்பவே சொல்லிடுங்க. கேட்டுக்கறேன்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரத்தப்போக்கு, நெஞ்சு, சுகர், கிருமி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அதுவரை யாரும் எனக்கு எதையும் விளக்கியதில்லை, எல்லாம் துணைக்கு வந்தவர்களிடம்தான். செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். மறுபடி புண் வரும், மூத்திரம் அடைக்கும், கிட்னிவரைக்கும் போகலாம் என்றார்.

"அப்ப ரெண்டு பக்கமும் பயந்தான். நடமாட்டம் இருக்கற பக்கத்தை எடுத்துக்கறேன்."

"திங்கட்கிழமை முதல் கேஸ் நீங்கதான்" என்றார். "அதுவரைக்கும் இங்கயே இருங்க."

அந்த இரண்டு நாளும் நான் கட்டிலை விட்டுக் கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் மீன்காரம்மா அதில் ஏறி உட்கார்ந்துகொண்டாள், வேறு யாரும் பிடித்துவிடக் கூடாதென்று.

திங்கட்கிழமை முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே என்னுடையது என்று எதுவும் இல்லாமல் போயிற்று. பயமாகத்தான் இருந்தது. அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் வார்த்தையை மறந்துபோனேன். தட்டில் கருவிகளைப் போடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முடிந்ததும் எடுத்ததைக் காட்டச் சொன்னேன். கைப்பிடிக்குள் அடங்கிவிடும் போலிருந்தது. மூன்று பிள்ளை சுமந்த இடம். அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அன்று சாயங்காலம் மகன் வந்தான். கட்டிலோரம் நின்றான். மூத்திரப் பை நிறைந்துவிட்டது, ஊற்றிவிட்டு வாங்க என்று நர்ஸ் அவனிடம் சொன்னார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் எடுத்துப் போனான். ஆனாலும் எடுத்துப் போனான். இன்றுவரை அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. நான் ஊரறியச் சண்டை போட்டது அவனுக்கு இன்னும் வருத்தம்தான். இருக்கட்டும்.

மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது என்றார்கள், தூக்கவில்லை. இப்போது பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறேன்.

எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபிப்பது வழக்கம். அவரவர் மன்றாட்டைச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்வார்கள். போன மாதம் மழைக்காக, பரீட்சைக்காக, வெளிநாட்டு வேலைக்காக என்று சுற்றி வந்து என் முறை வந்தது. கர்ப்பப்பை இறங்கி வெளியே சொல்லாமல் இருக்கிற வயதான பெண்களுக்காக, அவர்களுடைய ஆப்பரேஷன் தேதியை யாரும் தள்ளிப்போடாமல் இருப்பதற்காக என்றேன்.

யாரும் பதில் சொல்லவில்லை. ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். மகன் என் முந்தானையை லேசாக இழுத்தான்.

இரண்டாம் முறையும் சொன்னேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக.