நமுகோசே புதைத்த நீர்யானை

உகாண்டாவில், ஜிஞ்சா ஊர்ச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில், ஓடுகிற படத்தோடு கூடவே பேசிக் கதை சொல்கிறவள் நமுகோசே. திரை ஆங்கிலத்தில் என்ன உளறினாலும் சனத்துக்குக் கேட்பது மைக்கில் அவள் பேசும் உள்ளூர் லுசோகா மொழிதான். வாசலில் வேர்க்கடலை விற்றவள். பழைய குரல்காரனுக்குத் தொண்டை கட்டிய ஒரு மதியம் மைக்கைப் பிடித்தாள், அப்புறம் விடவேயில்லை.

கார்ட்டூன் படமென்றால் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதலில் அம்மாவோ அப்பாவோ செத்தாக வேண்டும். அநாதைக் குட்டிக்கு ஒரு வாயாடி நண்பன் கிடைப்பான். வில்லன் மலையிலிருந்து விழுவான். எல்லோரும் ஆடுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை புதுப்படம். முந்தின நாள் முழுக்கக் கரண்ட் இல்லை, அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு எதிர்க் கொட்டகையில் தலைநகர் கம்பாலாவின் குரல்காரன் ஒருவன் வந்து இறங்கியிருந்தான்.

"இன்னிக்கு சனம் எந்திரிச்சுப் போச்சுன்னா மைக்கை வேற ஆளுக்குக் குடுத்துருவேன், தங்கச்சி," என்றார் முதலாளி இசபிரியே.

"பொம்மைப் படம்தானேண்ணே, கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்."

திரையில் வெள்ளம் வந்து தாய் நீர்யானையை அடித்துக்கொண்டு போயிற்று. நமுகோசே விடுவாளா? ஒப்பாரி வைத்தாள், மைக்கிலேயே பிணத்தை ஊர் வழக்கப்படி மரப்பட்டைத் துணியில் சுற்றினாள், மண்ணும் தள்ளிவிட்டாள். கொட்டகையே மூக்கைச் சிந்தியது.

பாதிப் படத்தில், மறுகரையில், அதே தாய் சாவகாசமாகப் புல் மேய்ந்துகொண்டு நின்றது.

"அக்கா! அதைத்தான் புதைச்சாச்சே!" என்றான் முன்வரிசைப் பையன் ஒருவன்.

"அது... குட்டியோட பெரியம்மா!"

திரையில் குட்டி "மம்மா!" என்று அலறியது. அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

"பெரியம்மா இல்ல, பேயி!" என்றாள் சமோசா தின்றுகொண்டிருந்த ஒருத்தி. ஒரே சிரிப்பு. பின்வரிசையில் நாலு பேர் எழுந்துவிட்டார்கள்.

நமுகோசே மைக்கை வாயருகே இழுத்தாள். "சரி, நான் விட்டது புளுகு! இந்தப் படத்தை நானும் இப்பத்தான் பாக்குறேன். அடுத்து என்னன்னு எனக்கு நெசமாவே தெரியாது!"

எழுந்தவர்கள் போகாமல் நின்றார்கள்.

குட்டி ஆற்றில் இறங்கியது. "முதலை வருது... ஐயோ, வில்லன் இவன்தான்... இல்ல, இவனுக்குப் பல்லே இல்ல! குட்டியை முதுகுல ஏத்துறான்! ஏன்டா ஏத்துற? யாராச்சும் சொல்லுங்களேன்!" குரல் உண்மையாகவே நடுங்கியது. "முக்கப் போறான்!" "கரை சேப்பான், பாரு!" கொட்டகை இரண்டாகப் பிரிந்து கத்தியது. நமுகோசே பெஞ்சின்மேல் ஏறி நின்றாள்.

கூச்சலைக் கேட்டு எதிர்க் கொட்டகை ஆட்களும் வாசலில் குவிந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு இசபிரியே உள்ளே வந்தார்.

"என்ன தங்கச்சி, என்ன ஆச்சு அந்தக் குட்டிக்கு?"

"சும்மா இருங்கண்ணே, மறைக்குது! உக்காருங்க!"

முதலாளி தரையில் உட்கார்ந்தார்.