ஆளிருந்த வீட்டின் படம்

2023 பெப்ரவரி 12, ஞாயிறு. நாலே முக்காலுக்கு எழும்பினேன். சர்க்கரை மாத்திரை, தேநீர், முதல் நாள் குறிப்பில் விட்டுப்போன இரண்டு வரிகள். ஐந்தரை பஸ்ஸில் வாவியைக் கடந்து, கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் உள்ள பழைய கல்குவாரிக் குடியிருப்புக்குப் போனேன். குவாரி மூடிய பிறகும் அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களை ஒரு வருடமாகப் படமெடுத்து, ஜனவரியில் பட்டணத்து மண்டபமொன்றில் காட்சிக்கு வைத்திருந்தேன். அவரவர் படத்தை அவரவரிடம் கொடுக்க வேண்டும். பையில் பதினெட்டு உறைகள்.

முதல் வீட்டுக்காரர் குவாரியில் பாறைக்குத் துளை போட்டவர். முற்றத்துக் கதிரையை விட்டு எழும்பவில்லை.

“படம் புடிக்கிற சேர் வந்திரிக்கார், பாரு புள்ள,” என்று மனைவியைக் கூப்பிட்டார். “சேர், நான் உசிரோட இரிக்கனா, பேயா? ஆளில்லாத வீட்டிலதானே இரிக்கன்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மனைவி ஃபோனை நீட்டினார். காட்சிக்கு வந்த யாரோ பகிர்ந்த என் படம். இந்த வீட்டின் பின்புறம். பூசாத கல்சுவர், கதவில்லாத வாசல். கீழே என் வாசகம்: ‘குவாரி மூடியபின் கைவிடப்பட்ட வீடு.’

“இது மகளுக்கு எழுதிக் குடுக்கிற வீடு சேர்,” என்றார் அந்த அம்மா. “மாப்பிள்ள வந்து இரிக்கப்போற வீடு. களுவாஞ்சிக்குடியில மாப்பிள்ளட தாய் இதப் பாத்திட்டு, பாறைக்கு வெடி வெச்சு வெடிச்சுப்போன வீடா, அதுதான் ஆக்கள் விட்டிட்டுப் போனவங்களா எண்டு கேக்கா. கலியாணத்துக்கு நாள் வைக்க வாறதெண்டவங்க வரல்ல.”

“நான் அப்படி நினைச்சு எழுதல்ல...”

“அண்டைக்கு இதுக்குள்ள இருந்துதானே தேத்தண்ணி குடிச்சீங்க?”

மாப்பிள்ளை வீடு எங்கே என்று மட்டும் கேட்டேன்.

“சந்தைக்குப் பின்னால, நீலக் கேற்று. ஏன், அங்கயும் படம் புடிக்கப் போறீங்களா?”

உறையை அந்த அம்மா வாங்கவில்லை. மகள் உள்ளே இருந்தார், வெளியே வரவில்லை. மற்றவர்களின் முகத்தில் விழிக்க முடியாமல் பதினெட்டு உறைகளோடும் திரும்பினேன்.

வீட்டில் ஓகஸ்ட் மாதக் குறிப்பைப் புரட்டினேன். ‘பின்பக்கம் பூச்சு மிச்சம். உள்ளே சீமெந்து நாலு பை, புதுக் கதவுநிலை ஒன்று. மகள் இஞ்சித் தேநீர் தந்தார். கொடியில் கிடந்த உடுப்புகளை எடுக்கச் சொன்னேன்.’ என் கையெழுத்துத்தான். மறந்து எழுதினேன் என்று சொல்ல வழியில்லை.

குறிப்பில் இல்லாததும் நினைவில் இருக்கிறது. அந்த அம்மா ஈரம் உலராத சேலைகளை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு, “படம் வடிவா வரட்டும் சேர்” என்று சொல்லி உள்ளே போனார். உடுப்புக் கிடந்தால் அது ஒரு சாதாரண வீடாகத் தெரிந்துவிடும். பார்க்கிறவர் மனம் கலங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கலங்கினார்கள். காட்சி மண்டபத்தில் இரண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நானும் கையை விடாமல் நின்றேன்.

அன்று மாலை மாப்பிள்ளையின் தாய்க்கு மூன்று தடவை கடிதம் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் ‘தவறுதலாக’ என்ற சொல் வந்து விழுந்தது. கிழித்தேன்.

திங்கள் காலை, கந்தோருக்கு லீவு சொல்வதற்கு முன்பே, முதல் பஸ்ஸில் களுவாஞ்சிக்குடிக்குப் போனேன். நீலக் கேற்றடியில் ஒரு பெண் வாசல் கூட்டிக்கொண்டிருந்தார்.

“ஆரு?” என்றார்.

“அந்தப் படத்துக்குக் கீழ பொய் எழுதின ஆள் நான்தான், அம்மா,” என்றேன்.